மூப்பர் வீட்டுப் படம்

மலேசியாவில், ஈப்போ போகும் பேருந்தில் எனக்கு முன்னால் ஒரு ரப்பர் தோட்டத்துப் பிரஸ்பிட்டேரியன் சபையின் மூப்பரும், அதே சபை அக்கா ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் தூங்குவதுபோல் நடித்தேன். எனக்கு நன்றாக வருகிற வேலை அது ஒன்றுதான்.

"நம்ம சர்ச்சுக் கட்டடம் ஒரு காலத்துல தோட்டத்துக் கள்ளுக்கடையா இருந்ததுதானே அண்ணே?"

"மெல்ல பேசும்மா!"

"வீடு கட்டுற கம்பெனிக்காரன் சர்ச்ச இடிக்கப் போறான். ரொம்பப் பழைய கட்டடம்னு காட்டினா இடிக்காம விட்ருவாங்களாம். கடையா இருந்தப்ப எடுத்த படம் உங்க வீட்லதானே இருக்கு? குடுங்கலா."

"அதுல கள்ளுப் பானை தெரியுதே."

"பானைய வெட்டிட்டுக் குடுங்க."

"பானையக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு நிக்கிறது எங்க தாத்தாம்மா. சபைக்கு மொத மூப்பரு."

"அப்ப அவரையும் வெட்டிருங்க."

மூப்பர் சன்னல் திரையை இழுத்து மூடினார்.

"இடிச்சிட்டுப் புது சர்ச்சு கட்டித் தாரானாம்மா. குளுகுளுன்னு ஏர்கோன் போட்டு."