கூரை போட்ட வண்டி

— ஒம்போதா? பாய், அந்த ஒம்போது லட்சத்த எட்த்துக்கினு அப்படியே ஓரிக்கைக்குத் திரும்பிப் போ. வாங்கினது இருபத்திரெண்டு. அதுல ஒரு ரூவா கொறஞ்சாலும் வாணாம்.

— நைனா, நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க. உங்க புள்ள வினோத்குமாருக்கு இந்த வண்டிய வித்துக் குடுத்தவனே நான்தான். நாலு வருசம் ஆச்சு. அன்னிக்கு மார்க்கெட் அப்படி. கொரோனா முடிஞ்ச நேரம், கையில காசு இருந்தவன் எல்லாம் பழைய வண்டியத் தேடி அலைஞ்சான்.

— இன்னிக்கு இன்னா ஆச்சு? அறுவத்திநாலுல வெள்ளக்காரன் செஞ்ச காரு. இன்னும் பழசாதானே ஆயிக்கீது? பழசாக பழசாக வெல ஏறும்னு நீதானே சொன்ன?

— சொன்னேன். இல்லைங்கல. அன்னிக்கு வாங்கினவன் எல்லாம் இன்னிக்கு ஒரே நேரத்துல விக்க வந்து நிக்கிறான். வாங்கத்தான் ஆள் இல்ல. சின்ன வயசுல இந்த வண்டிய ரோட்டுல பாத்து ஏங்கினவங்களுக்கு இப்போ எழுவது, எண்பது. முட்டிய மடக்கி உள்ள ஒக்கார முடியல. இப்போ கீற புள்ளைங்களுக்கு இதோட பேரே தெரியாது. என் ஷெட்டுலயே ஆறு வண்டி தூங்குது நைனா.

— தூங்குதுன்னா தாலாட்டு பாடு. என்னாண்ட கதை விடாத. நீ வாங்க வந்தா வெல எறங்கிப் போச்சும்ப. விக்க வந்தா ஏறிப் போச்சும்ப. நெல்லு யாவாரியும் இதேதான் சொல்றான்.

— நெல்லுக்காவது கவருமெண்டு ஒரு வெல போடுது. இதுக்கு யாரு போடுவா?

— அது கெடக்கட்டும். ரோட்டாண்ட புளியமரத்தடியில உன் வண்டி நிக்குதே, உள்ள யாரு? வந்ததுல இருந்து கண்ணாடிய ஏத்திக்கினு ஒக்காந்துக்கீறான்.

— நம்ம ஷெட்டு ஆளுதான். வீடியோ எடுக்க இட்டாந்தேன்.

— எறங்கி வந்து ஒரு சொம்பு மோரு குடிக்கச் சொல்லு. இன்னா, பெரிய கலெக்டரா அவன்?

— அவன் வர மாட்டான், விடுங்க. இந்தத் தார்ப்பாய அவுங்க. வண்டிய ஒரு தடவ பாத்துடறேன்.

— பாரு. நல்லா பாத்துட்டு அப்புறம் வெல சொல்லு. நான் பண்ணி வச்சிருக்கிற வேலைக்கு இருபத்திரெண்டே கம்மி. அந்தப் பக்கம் கவுத்த இழு. நெல்லு மூடற தார்ப்பாய் இது, ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது. ஆங், அப்படித்தான். ஏன் பாய், தலையில கைய வச்சிக்கினு நிக்கிற?

— நைனா, மேல இது இன்னா?

— கூரை. வினோத்து ஓட்டிக்கினு வந்த அன்னிக்கே கேட்டேன், கூரை இல்லாத வண்டிக்கு எவண்டா இவ்ளோ காசு குடுப்பான்னு. சிரிச்சான். அதான் தகரம் போட்டு வெல்டிங் வச்சுட்டேன். கதிரடிக்கிற மிஷின் ரிப்பேர் பாக்கிறானே பெஞ்சமின், அவன் வேலை. இனிமே மழையிலயும் போலாம்.

— செவப்பு எங்க போச்சு?

— வெளுத்துப் போச்சு. டிராக்டருக்கு அடிச்ச நீலம் ரெண்டு டப்பா மிச்சம் இருந்துச்சு.

— முன்னாடி மூடி ஏன் கூன் விழுந்த மாதிரி நிக்குது?

— என்ஜின் இடிச்சுது. வெட்டி ஒசத்திட்டான்.

— எப்படி இடிக்கும்? அறுவது வருசமா அந்த என்ஜின் அதுக்குள்ளதானே ஒக்காந்துக்கினு இருந்துச்சு?

— அது பெட்ரோல் என்ஜின் பாய். மாடு கழனித்தண்ணி குடிக்கிற மாதிரி குடிச்சுது. அதக் கழட்டிட்டு மினி லாரி டீசல் என்ஜின் வச்சேன். லிட்டருக்கு இருபது ஓடும். ரெண்டு கறவை மாட்ட வித்துப் பண்ண வேலை இது.

— பழைய என்ஜின் எங்க?

— இரும்புக் கடையில போட்டாச்சு. எடைக்கு.

— யா அல்லா.

— இன்னாய்யா, எழவு வூட்டுல ஒக்கார்ற மாதிரி தரையில ஒக்காந்துட்ட?

— அந்த என்ஜின்ல அடிச்சிருந்த நம்பருக்குத்தான் நைனா அந்த ஒம்போது லட்சம். வண்டியும் என்ஜினும் ஒன்னா பொறந்ததுங்கிறதுக்கு அதுதான் சாட்சி. செவப்பு வெளுத்திருந்தா, வெளுத்தபடியே வேணும். கூரை இல்லாம இருக்கிறதுதான் அதுக்கு அழகு.

— அவளும் அதேதான் சொன்னா.

— யாரு?

— என் பொண்டாட்டி சொக்கம்மா. வாங்கின அன்னிக்கு புள்ள அவள பக்கத்துல ஒக்கார வச்சு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வந்தான். முடியெல்லாம் பறந்துக்கினு வந்து எறங்கினா. காத்து மூஞ்சில அடிச்சுதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. சரி, அது எதுக்கு இப்போ. நீ வெலைய கொறைக்கத்தானே இந்த நாடகம் ஆடற?

— என் புள்ள அசீம் மேல சத்தியமா சொல்றேன். துருப்பிடிக்க விட்டிருந்தாக்கூட வித்துக் குடுத்திருப்பேன். இனிமே இத எவனும் தொட மாட்டான்.

— எவனும்?

— எடைக்குத்தான் போவும் நைனா. இதுவும். ஒக்காருங்க. கொஞ்சம் தண்ணி குடிங்க.

— வாணாம். பாய், கிட்ட வா. எனக்கு இருபத்திரெண்டும் வாணாம், ஒம்போதும் வாணாம். வண்டிய சும்மா எட்த்துக்கினு போ.

— சும்மாவா?

— வெல சொல்லி வீடியோ போடறியே, அதுல ஒன்னே ஒன்னு சொல்லு. திருப்புலிவனம் முத்துகிருஷ்ணன் வூட்டு வண்டி இருபத்திரெண்டு லட்சத்துக்குப் போச்சுன்னு. வாய் வார்த்ததான். உனக்கு இன்னா நஷ்டம்?

— பொய் சொல்லச் சொல்றீங்களே நைனா, எதுக்கு?

— வினோத்து கத்தார்ல கீறான். உன் வீடியோ ஒன்னு விடாம பாக்கிறானாம். சாவறதுக்கு முந்தி சொக்கம்மா சொன்னா. ஏரிக்கரை நெலம், ஒரு ஏக்கரு, அவன் பேச்ச நம்பி நான்தான் கைநாட்டு வச்சு வித்தேன். அந்தக் காசுதான் இந்த வண்டி. ரெண்டே வருசத்துல வெல விழுந்துச்சு. வாயில வந்தத சொல்லிட்டேன். வாங்கின வெல திரும்பி வர்ற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காத, வூட்டுல எழவே விழுந்தாலும் மிதிக்காதன்னு.

— கோவத்துல சொன்னதுதானே.

— அவனும் என் ரத்தம்தானே. சொல்ல கெட்டியா புடிச்சுக்கினான். மறுவாரமே பிளேன் ஏறிட்டான். பெத்தவளுக்குக் கொள்ளி வைக்கக்கூட வரல. பக்கத்து வூட்டு செங்கேணி போன் போட்டான். லீவு தரலைன்னு சொல்லிட்டானாம். என் தம்பி புள்ளதான் கொள்ளி வச்சான். காரியம் முடிஞ்ச மறுநாளே மாட்ட ஓட்டிக்கினு போய் வித்தேன். வண்டிய நல்லபடியா பண்ணி அந்த வெலைக்குத் தள்ளிட்டா வந்துடுவான்னு நெனச்சேன்.

— வாடான்னு ஒரு போன் போட்டிருக்கலாமே.

— வாய் வரலியே பாய். எட்டு மாசமா அவன் நம்பர சட்டப் பையில வச்சுக்கினு கீறேன். தோ பாரு, மடிச்ச எடம் கிழிஞ்சே போச்சு. வெல வந்துடுச்சுன்னு அவனே பாத்துட்டா, அவனும் தோக்கல, நானும் தோக்கல. ஒரே ஒரு பொய் பாய். உன் கால்ல வேணும்னாலும் விழறேன்.

— ஐயோ, எழுந்திருங்க நைனா! அந்தப் பொய் அவன்கிட்ட செல்லாது.

— ஏன் செல்லாது? யாவாரத்துல நீ சொல்லாத பொய்யா?

— அந்த வீடியோ எல்லாம் எடுக்கிறதே வினோத்துதான்.

— இன்னா சொல்ற?

— கத்தார் வேலை ஆறே மாசத்துல போச்சு. ஒன்றரை வருசமா ஓரிக்கையில என் ஷெட்டுலதான் படுத்துக்கிறான். வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினான். இன்னிக்கு என்ன அனுப்பினதும் அவன்தான். "போற வெலைக்கே அப்பா வண்டியக் குடுத்துட்டா கோவம் போச்சுன்னு அர்த்தம் பாய், கேட்டுப் பாரு"ன்னான்.

— அப்போ… அவ செத்த அன்னிக்கு?

— அன்னிக்கும் இன்னிக்கு மாதிரியேதான் நைனா, அதே புளியமரத்தடியில, என் வண்டிக்குள்ள கண்ணாடிய ஏத்திக்கினு ஒக்காந்து, பாடை தெருவத் தாண்டற வரைக்கும் பாத்துக்கினே இருந்தான். வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாமே.