லின்சிக்கு நான் அடுக்கிய தோட்டாக்கள்

செயலாளர் குமாரசாமி அவர்களுக்கு,

ஒரே மில் அரிசிதான் வாங்குகிறோம். ஒரு மூட்டை குழைகிறது, அடுத்தது உதிரியாக வருகிறது. கடைக்காரரைக் கேட்டால் சிரிப்பார். தோட்டாவும் அப்படித்தான் என்பது ரைஃபிள் கிளப் நடத்துகிற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

என் மகள் லின்சியின் ஐம்பது மீட்டர் ரைஃபிளுக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. கிணத்துக்கடவு ரேஞ்சில் ரைஃபிளை அசையாமல் இறுக்கிவைத்து, ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஒரே தடவையில் தயாராகி ஒரே எண்ணோடு வரும் தொகுதியிலும், பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்ப்பேன். கடைசியில் இரண்டு லாட் மிஞ்சின. ஒரே கம்பெனி, ஒரே விலை, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முதல் லாட்டில் பத்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. இரண்டாவதில் ஒன்பது அடங்கின. ஒன்று மட்டும் தன்னிஷ்டத்துக்கு ஓரம் போனது.

நான் இரண்டையும் வாங்கினேன்.

லாட் எண் பெட்டியில்தான் இருக்கும், தோட்டாவில் இருக்காது. பெட்டியிலிருந்து எடுத்துத் துளைபோட்ட மரக்கட்டையில் அடுக்கிவிட்டால் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. லின்சி ஒருநாளும் பெட்டியைப் பார்த்ததில்லை. "நீங்க அடுக்கிக் குடுத்தாப் போதுங்கப்பா" என்பாள். பயிற்சிக்கு முதல் லாட்டை அடுக்கினேன். தேர்வுப் போட்டிக்கு இரண்டாவதை.

அவள் தேசிய அணிக்குத் தேர்வானால் புனேயில் முகாம், அப்புறம் அங்கேயே வேலை. இருதயம்மாள் இறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மனைவியும் இல்லாமல் மகளும் இல்லாமல் அந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு தடவை தவறினால் ஒரு வருடம் கூட இருப்பாள் என்று நினைத்தேன். ஒரு புள்ளியில் தவறினாள்.

அடுத்த வருடமும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அதற்கடுத்த வருடமும், அதற்கும் அடுத்த வருடமும். மொத்தம் நான்கு தேர்வுகள்.

பயிற்சியில் பிசகாமல் சுடுகிறவள் போட்டியில் தவறினால் எல்லோரும் என்ன சொல்வார்கள்? நீங்களே சொன்னீர்கள், பதற்றம் என்று. அவளும் நம்பிவிட்டாள். தேர்வன்று காலையில் விரல்களை ஐஸ் தண்ணீரில் முக்கி வைத்துக்கொள்வாள். டாக்டரிடம் போய் மாத்திரை வாங்கினாள். போன மாதம் என் தம்பி மகன் மெல்வினின் குழந்தைக்கு ஞானஸ்நானம். லின்சிதான் ஞானத்தாய். சாமியார் கூப்பிட்டும் அவள் குழந்தையை வாங்கவில்லை. "கை நடுங்கிக் கீழ போட்டுருவேனுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். நானே குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ரைஃபிளை உங்கள் கிளப்பில் சுடுகிற அஃப்ராவுக்குக் கொடுத்துவிட்டாள். எந்த லாட் வாங்கலாம் என்று அந்தப் பெண் கேட்டபோது முதல் லாட் என்று நான் உண்மையைத்தான் சொன்னேன். நேற்று அவள் தேர்வானாள். நீங்கள் போன் செய்து, "அதே ரைஃபிள், அதே லாட். லின்சிக்கு மட்டும் ஏனுங்க அமையல?" என்றீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அவளுக்குக் கெட்ட தோட்டா கொடுக்கவில்லை. இரண்டும் உயர்ந்த ரகம்.

நேற்று அஃப்ரா கொடுத்த லட்டுடன் லின்சி சமையலறைக்கு வந்தாள். "தப்பு ரைஃபிள்லயும் இல்லீங்கப்பா, தோட்டாவுலயும் இல்லீங்க. எல்லாம் என்ற கைதானுங்க" என்றாள். என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். அப்போதே சொல்லியிருக்கலாம். தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

என் மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள். லின்சிக்கு மட்டும் இது தெரியவேண்டாம். பாவம், நம்பிச் சாய்ந்துகொள்ள அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.

அமிர்தராஜ்