சைட் டோரில நிக்கிறவர்

இல்லைத் தங்கச்சி, எலி இல்லை. மேல லோர்ன் நடக்கிறார். வீட்டுக்காரர். பின்னேரமானால் உப்பிடித்தான், குசினிக்கும் ஹோலுக்குமா நடந்தபடி. நீர் இரும், ரீ ஊத்திறன். என்னைக் குணவதி அக்கா எண்டே கூப்பிடும்.

இந்த அறையும் வொஷ்றூமும் உங்கள் ரெண்டு பேருக்கும். குசினி பொது. பின்னால மற்ற அறையில நான். ஏன் வாடகை இவ்வளவு மலிவு எண்டுதானே யோசிக்கிறீர்? யோசிக்கத்தான் வேணும். அஜின்கோர்ட்டில இந்த விலைக்கு பேஸ்மென்ற் ஆரும் தராயினம். சொல்லுறன். சொல்லாமல் நான் ஒருத்தரையும் வைக்கமாட்டன்.

லோர்ன் ஐஸ் ஹொக்கி விளையாடினவர். சும்மா றோட்டில அடிக்கிறதில்லை, சம்பளத்துக்கு, ரீவியில காட்டுற விளையாட்டு. வடக்க ஒரு சுரங்க ஊரில பிறந்த மனுசன். பதினாறு வயசில வந்து கூட்டிக்கொண்டு போட்டாங்கள், பள்ளிக்கூடம் அதோட சரி. பிறகு அமெரிக்காவில நாலைஞ்சு ஊர், கடைசியா இஞ்ச. மாட்டை விக்கிற மாதிரி ஒரு ரீம் மற்ற ரீமுக்கு வித்துப்போடுமாம். மகள் பிறந்த அண்டைக்கும் ஒருக்கா வித்தவங்களாம். பிள்ளையின்ர முகத்தைப் பாக்காமல் பிளேன் ஏறினதெண்டு இப்பவும் சொல்லிக் கவலைப்படுவார்.

கோல் அடிச்சவரோ? எல்லாரும் இதைத்தான் கேக்கிறது. இல்லை, அவர் டிபென்ஸ். கோல் அடிக்க வாறவனை மறிக்கிறதுதான் வேலை. அத்தினை வருசத்தில அவர் போட்ட கோலை விரலில எண்ணலாம். ஆனால் அவர் நிக்கிற பக்கத்தால வரப் பயப்பிட்டவங்களாம். மறிக்கிறதெண்டால் கையை நீட்டி மறிக்கிறதில்லைத் தங்கச்சி. தோளைக் குடுத்து, முழுப் பாரத்தோட இடிச்சு, ஓரத்துப் பலகையோட சாத்துறது. அவர் இடிச்ச ஒருத்தன் அதுக்குப் பிறகு ஐசில இறங்கவே இல்லையாம். அதைச் சொல்லத் துவங்கினால் சாப்பாட்டைத் தள்ளி வைச்சிடுவார்.

அவருக்கும் அடி விழுந்ததுதான். முன்பல்லு ஒண்டும் இல்லை, எல்லாம் பொய்ப்பல்லு. நான் அவிக்கிற இடியப்பமும் சொதியும்தான் தோதாய் இறங்குது. பல்லுப் போனால் போகட்டும், தலையில விழுந்ததுதான் பிழைச்சுப் போச்சு. மயங்கி விழுந்தால் மூக்கில ஏதோ மருந்தைப் பிடிச்சு எழுப்பி, திரும்பவும் விளையாட விடுவாங்களாம். எந்த ஊரில விளையாடுறன் எண்டு தெரியாமலே விளையாடின நாளும் இருக்காம். அது இப்பதான் வேலையைக் காட்டுது. டொக்ரரைக் கேட்டால் வயசு எண்டுறார். ஐம்பத்தெட்டு ஒரு வயசே? மனுசி எப்பவோ விட்டிட்டுப் போட்டா. மகள் கல்கரியில. அவதான் தகப்பனைப் பாத்துக்கொள்ளச் சொல்லி என்னை விட்டிருக்கிறா.

பயப்பிடாதையும். பகலில அவர் பச்சைப்பிள்ளை. உம்மட பேரைப் பத்துத்தரம் கேப்பார், அவ்வளவுதான். பொழுதுபட்டால்தான் கவனம். நாங்கள் விளக்கு வைக்கிற நேரம், அவருக்கு ஹொக்கி மச் துவங்கிற நேரம். சைட் டோரைத் திறந்தவுடன சின்ன இடம் ஒண்டு கண்டீர்தானே, மேல குசினிக்குக் கொஞ்சப் படி, கீழ இஞ்சால வாறதுக்கு ஒரு நீளப் படிக்கட்டு? அதில வந்து நிப்பார். முழங்காலைக் கொஞ்சம் மடிச்சு, தோளைப் பதிச்சு. அவருக்குப் பின்னால இருக்கிறது எங்கட படி இல்லை, கோல்.

அந்த நேரம் வந்தால் நிமிந்து நேர வாரும். முகத்தைப் பாத்து, லோர்ன், நான்தான் எண்டு சொல்லும். உடனே வழி விடுவார். குனிஞ்சு பக்கத்தால போகப் பாக்கப்படாது. வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் திருத்த வந்தவர், பஸ்ரியன் எண்டு எங்கட ஆள்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு குனிஞ்சு போகப் பாத்தார். சுவரோட சாத்தினதில தோள்மூட்டுக் கழண்டு போச்சு.

அடுத்தநாள் லோர்னைக் கேட்டன், ஏன் அப்பிடிச் செய்தனீங்கள் எண்டு. இடிச்சது ஞாபகமில்லை, விளையாட்டு மட்டும் மறக்கேல்லை. உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் மேசையில நகத்தி நகத்திக் காட்டினார். வாறவன்ர முகத்தைப் பாக்கிறதில்லையாம், கையையும் பாக்கிறதில்லையாம். நெஞ்சைத்தான் பாக்கிறதாம். நெஞ்சு சரிஞ்சு தலை குனிஞ்சுதெண்டால் அவன் கோலுக்குப் போறவன், விடப்படாது. இவ்வளவுதான் விசயம்.

என்ர மனுசனோ? அவர் இப்ப இல்லை. போன மாசியில. இராஜரட்ணம் எண்டால் கோயிலில எல்லாருக்கும் தெரியும், வெளியில அப்பிடியொரு பணிவு. வயசுபோன ஆக்களுக்கு முன்னால நிமிந்து போகமாட்டார். உடம்பை வளைச்சு, கையை முன்னுக்கு நீட்டி, ஒதுங்கித்தான் போவார். எங்கட ஆக்களின்ர மரியாதை அதுதானே. வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்தினால் வேற ஆள். எனக்கு இந்தப் பக்கக் காது கேக்காது, அவர் அடிச்சு அடிச்சுப் போனது. ஆரிட்டைச் சொல்ல? சொன்னால், ஆர், இராஜரட்ணத்தாரோ எண்டு சிரிப்பினம். முதல் பயந்தன். பிறகு பயமும் விட்டுப்போச்சு, வெறுப்பு மட்டும்தான் மிஞ்சினது.

வழமையா நடுச்சாமத்தில வாறவர், அண்டைக்குப் பொழுதுபடவே வேலை முடிஞ்சு வந்து சைட் டோரைத் திறந்தார். லோர்ன் நிக்கிறார். நான் கீழ, இந்த அடுப்படியிலதான். உவரென்ன வழியில நிக்கிறார் எண்டு மேலயிருந்து கேட்டார். வீட்டுக்காரர், பெரிய மனுசன், மரியாதையாக் குனிஞ்சு ஒதுங்கி வாங்கோ எண்டன்.

ஓம். பஸ்ரியனுக்குப் பிறகுதான். ஓம் தங்கச்சி, உப்புப் போத்தலுக்கும் பிறகுதான்.

படியால தலைகீழா வந்து விழுந்தார், கீழ சீமெந்துதானே. பொலிஸ் வந்து கேட்டுது, சப்பாத்தில ஸ்னோ, வழுக்கிப்போட்டுது எண்டன். லோர்னுக்கு ஒண்டும் தெரியாது. இப்பவும் கேப்பார், உன்ர மனுசன் வேலைக்குப் போட்டானோ எண்டு. ஓம் எண்டுவன். லோர்னை நினைச்சுத்தான் எனக்கு அழுகை வாறது, மற்றவரை நினைச்சில்லை.

ரீ ஆறுது, குடியும். சட்டைக் கையை இழுத்து விடாதையும், நான் கண்டிட்டன். கதவு இடிச்சதோ? கதவு இடிச்சால் விரல் அடையாளம் வராது. உம்மட மனுசன் எத்தினை மணிக்கு வேலையால வாறவர்? ஏழோ. வெளியில ஆள் எப்பிடி, பெரியாக்களைக் கண்டால் குனிஞ்சு ஒதுங்கிப் போறவரோ?