கார்னெட்டைக் காத்தவன்

என் விரல்களில் மோதிரம் ஏறாது. மூட்டுகள் உடைந்து, வீங்கி, ஆறி, மறுபடி வீங்கி இப்போது இஞ்சிக் கிழங்குபோல ஆகிவிட்டன. "மோதிரம் ஏறாத கைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று கார்னெட் கிண்டல் செய்வான். நான் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். உட்காருங்கள். காபி சூடாகத்தான் இருக்கிறது.

கார்னெட் லீஸ்க்கைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறீர்கள். அவன் மனைவி நோரீன்தான் உங்களை இங்கே அனுப்பியிருக்கிறாள். "மொதல்ல ஒரெஸ்ட்டைப் போய்ப் பாருங்க. என் புருஷனப் பத்தி என்னைவிட அவருக்குத்தான் அதிகம் தெரியும்" என்றாளாமே. நல்ல பெண். அவள் சொன்னது சரிதான்.

நீங்கள் ஐஸ் ஹாக்கி பார்த்து வளர்ந்தவர் இல்லை என்பதால் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் ஒவ்வொரு அணியிலும் என்னைப்போல ஒருவன் இருப்பான். அவனுக்குக் கோல் போடத் தெரியாது, போடச் சொல்லவும் மாட்டார்கள். கோல் போடுகிறவன்மேல் எதிரணிக்காரன் எவனாவது முரட்டுத்தனமாக மோதினால், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவனை அடிக்க வேண்டும். அடித்துவிட்டுத் தண்டனைப் பெட்டியில் போய் உட்கார வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். என் அம்மா மட்டும் தொலைக்காட்சியை அணைத்துவிடுவாள்.

கார்னெட் கனடாவின் சஸ்காச்சவான் மாகாணத்து வடக்கே ஏரியில் வலை போடுகிற குடும்பத்துப் பையன். மீசை முளைக்காத வயதில் இளையோர் அணியின் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தான். மற்றவர்கள் ஸ்கேட் போட்டு ஓடினால் பனியைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும். அவன் ஓடினால் புதுத்துணியில் கத்தரிக்கோல் போகிற மாதிரி மெல்லிய ஓசைதான் வரும். பக் என்கிற அந்த ரப்பர் வில்லை அவன் மட்டையில் வந்து ஒட்டிக்கொண்டது என்றால் அரங்கில் பேச்சு நின்றுவிடும். பெரிய அணி எங்கள் இருவரையும் சேர்த்தே எடுத்தது. அவனுக்குக் காவல் வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அவனிடம் ஒரே ஒரு குறை உண்டு. இடப்பக்கம் பின்னாலிருந்து பக் வந்தால், அதை வாங்கும்போது ஒரு கணம் தலையைக் குனிந்துவிடுவான். அந்தக் கணத்தில் அவனுக்கு எதுவும் தெரியாது. நான் அந்தப் பக்கமே நின்று மறைத்ததால் எதிரணியினர் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை.

"தலையத் தூக்கி வாங்குடா. எத்தன தடவ சொல்றது?"

"தூக்கினா பக்கு போயிடும். குனிஞ்சா என்ன, அந்தப் பக்கம் நீதான் நிக்கிறியே, எரும மாதிரி."

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு யாரும் என்னை அவ்வளவு நம்பியதில்லை.

பிறகு தலைவலி வந்தது. நான் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருந்த நேரங்களில் அவனுக்கு அடி விழுந்தது. முதல் தடவை எழுந்து சிரித்தான். இரண்டாவது தடவை எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். எல்லோரும் அது வேடிக்கை என்று நினைத்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் விடுதி அறைகளில் திரையை இழுத்து மூடிவிட்டு, ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொண்டு கிடப்பான். நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்று என்னிடம் கேட்பான்.

தலையில் அடிபட்டவனை மறுபடி களத்தில் இறக்குவதற்கு முன் சில கேள்விகள் கேட்பார்கள். இது எந்த ஊர், எதிரணி எது, யார் முன்னிலையில் இருக்கிறார்கள், இப்படி. மருத்துவர் வருவதற்குள் நான் பதில்களை அவன் காதில் சொல்லிவிடுவேன். சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொல்வான். பல தடவை அப்படிச் செய்தோம். அவன் ஆட விரும்பினான், நான் உதவினேன். அவன் ஆடாவிட்டால் எனக்கு அங்கே வேலையும் இல்லை என்பது வேறு விஷயம்.

"நிறுத்திடுடா கார்னெட்" என்று ஒருநாள் சொன்னேன்.

"நிறுத்திட்டு? அப்பாவோட படகுல மீன் செதிளு சொரண்டவா?"

அந்த இலையுதிர்காலத்தில் அணி நிர்வாகம் என்னை வேறொரு நகரத்து அணிக்கு மாற்றிவிட்டது. அது தொழில். யார்மேலும் எனக்கு வருத்தமில்லை.

குளிர்காலத்தின் நடுவே அவர்களும் நாங்களும் மோதினோம். அவனை முதன்முதலாக எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். வேகம் அப்படியே இருந்தது. ஆனால் திரும்பும்போது கால் லேசாகத் தடுமாறியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இன்னும் ஓர் அடி தாங்காது என்று எனக்குப் புரிந்தது. எவனோ முன்பின் தெரியாதவன் அந்த அடியை அடிப்பான், எப்படி வேண்டுமானாலும் அடிப்பான். அதைவிட, அவன் உடம்பை அறிந்த நான் தோளில் ஒன்று கொடுத்து உட்கார வைப்பது மேல் இல்லையா? தோள் எலும்பு முறிந்தால் அந்த ஆட்டப் பருவம் முழுக்க ஆட முடியாது. அப்படியே விட்டுவிடுவான். யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இடப்பக்கம் பின்னாலிருந்து பக் வந்தது. கார்னெட் நிமிர்ந்து அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான். நின்றது நான்தான். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

பல வருடப் பழக்கம். நான் என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறேன் என்பது அவனுக்கு அந்தக் கணத்தில் தோன்றியிருக்காது.

என் தோள் அவன் தோளில் படவில்லை, தாடையில் பட்டது. தலைக்கவசம் கழன்று போனது. பின்மண்டை பனியில் மோதிய சத்தம், ஏரியில் குளிரில் பனி வெடிக்கிற சத்தம் மாதிரி இருந்தது. பிறகு அவ்வளவு பெரிய அரங்கில் ஓர் ஓசையும் இல்லை. என் இடத்துக்கு அவர்கள் வைத்திருந்த புதியவன் ஓடிவந்து, "உன் கூடப் பொறந்தவன் மாதிரிடா அவன்! பாவி!" என்று கத்திக்கொண்டே என்னை அடித்தான். அழுதுகொண்டே அடித்தான். நான் கையைத் தூக்கவில்லை. அவன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தான்.

விசாரணை நடந்தது. படத்தை ஓட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, விதிக்கு உட்பட்ட மோதல், துரதிர்ஷ்டம் என்றார்கள். என்னிடம் கேட்டபோது, அவன் குனிவான் என்று எனக்குத் தெரியாது என்றேன். அது மட்டும்தான் நான் சொன்ன பொய்.

இப்போது அவன் இருக்கும் பராமரிப்பு இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. பெற்ற மகளை நர்ஸ் என்று நினைக்கிறான். அவள் வாசல்வரை சிரித்த முகத்தோடு வந்துவிட்டு, காரில் உட்கார்ந்து அழுவாள். நான் ஞாயிறுதோறும் போகிறேன். வீட்டில் செய்த பெரோகி கொழுக்கட்டைகளைச் சின்னதாக நறுக்கி ஊட்டுகிறேன். அவனுக்கு முகம் மழிக்கிறேன், நகம் வெட்டுகிறேன். "ஊரே மறந்துபோச்சு, நீங்க ஒருத்தர்தான் வர்றீங்க. உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்?" என்று நோரீன் என் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் பேசாமல் இருப்பேன். அப்போது பேசினால் அவளுக்குத்தானே கஷ்டம்.

அன்றைய ஆட்டத்தோடு விலகுவதாகக் கார்னெட் முடிவு செய்திருந்தான், அது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள்.

தெரியும். அன்று மத்தியானம் விடுதிச் சாப்பாட்டு அறையில் அவனே சொன்னான்.

"இன்னிக்கு ஆடிட்டு முடிச்சுக்கறேன்டா. நோரீன்கிட்ட சொல்லிட்டேன். கோச்கிட்டயும் சொல்லியாச்சு. ஏரிக்கரைல ஒரு வீடு பாத்திருக்கோம்."

"நல்லது. பக்கத்துலயே நானும் ஒண்ணு பாத்துடறேன்."

அவன் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"வேணாம் ஒரெஸ்ட்டு. கோவிச்சுக்காத. உன்னை வேற டீமுக்கு அனுப்பினாங்களே, அது நான் கேட்டுத்தான். நீ என் காதுல வந்து பதில் சொல்றப்பல்லாம், இந்தத் தல என்னோடதே இல்லன்னு தோணுது. எனக்கு மூச்சு முட்டுதுடா. நீ கொஞ்சம் தள்ளியே இரு."

எழுந்தான், என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். எனக்குக் கோபமே வரவில்லை. மிச்சமிருந்த சூப்பைக் குடித்து முடித்தேன்.

அவன் விலகுவான் என்று நான் நம்பவில்லை, அதுதான் விஷயம். இந்த ஆட்டத்தை முதல் தடவையிலேயே விட்டவன் எவனும் கிடையாது. அடுத்த வருடம் திரும்பி வந்திருப்பான். ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: குனிவான் என்று தெரிந்துதான் அடித்தேன். தோளுக்குக் குறி வைத்தேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். இல்லை. நோரீனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் அவள் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவனுக்கு நான் வேண்டும். யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் சிரிக்கிறான் என்று அங்கே இருக்கும் நர்ஸ் சொல்கிறாள், அவளுக்கு என்ன தெரியும். நான் வாசலில் நிற்பதைக் கண்டதுமே வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறான். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட என்னைப் போகச் சொன்னதில்லை.