ஒன்பதாவது படம்

இருங்க மேடம், பேனாவ மூடி வைங்க. ஒப்புதல் ஃபார்ம்ல கையெழுத்து எங்க போயிடப் போகுது? நானும் போடறேன், அவளும் போடுவா. இருபது வருஷமா உங்க ஆஸ்பத்திரி கேட்டப்பல்லாம் கை நீட்டின குடும்பம் இது. தலையச் சுத்தி டேப் வெச்சு அளந்தீங்க, குழாய்ல ஊதச் சொன்னீங்க, எல்லாம் ஆராய்ச்சிக்குத்தானன்னு அம்மா லீவு போட்டுக் கூட்டிட்டு வந்தாங்க. இன்னிக்கு ஒரே ஒரு தடவ நான் கேக்கறேன்.

மெதுவாப் பேசுவோம். அவ உள்ளதான் இருக்கா. கதவத் தெறந்து உங்களுக்குத் தண்ணி குடுத்தாளே, அவதான். அடையாளம் தெரியலையா? பரவாயில்ல, பெத்தவங்களுக்கே குழம்பும். உங்களுக்கு எழுத்து சொன்னாத்தான புரியும்? உங்க ஃபைல்ல நான் அ, அவ ஆ. என்னவிட ஒன்பது நிமிஷம் சின்னவ.

பன்னண்டு வாரம் முன்னாடியே வந்து விழுந்துட்டோம். நான் தொள்ளாயிரம் கிராம், அவ எழுநூத்தி அறுபது. ரெண்டும் பொழச்சிடுச்சுன்னு உங்க வார்டு சுவத்துல இன்னும் எங்க ஃபோட்டோ தொங்குதாமே? மூணு மாடி ஏறினா இன்னிக்கும் எனக்கு நெஞ்சுல விசில் அடிக்குது. அதுக்கெல்லாம் யாரும் ஃப்ரேம் போட மாட்டாங்க. சரி, என் கதைய விடுங்க. நுரையீரல் வளராத குறைக்கு எனக்கு வாய் வளந்துடுச்சு. யுனிவர்சிட்டில என்னக் கண்டாலே ப்ரொஃபசருங்க ரூட் மாத்திப் போறாங்க.

நான் சொல்ல வர்றது அவளப் பத்தி. பதினாறுலேர்ந்து ஏழு போனா எவ்வளவுன்னு கேளுங்க, மேசைக்கு அடியில விரல ஒளிச்சு வெச்சு எண்ணுவா. போர்டுல இருக்கறதுல பாதி எழுதறதுக்குள்ள டீச்சர் அழிச்சிடுவாங்க. அழிச்சதுக்கு அவங்க பொறுப்பில்ல, எழுதாததுக்கு இவ பொறுப்பு. எந்த ஊர் நியாயம் இது? புத்தி இல்லாதவளா? எனக்கு எப்ப மூச்சு வாங்கப் போகுதுன்னு எனக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியும், இன்ஹேலர எடுத்து நீட்டுவா. நேரம் வேணும் மேடம். அவளுக்குத் தேவை அவ்வளவுதான்.

குடுத்தாங்களான்னா கேக்கறீங்க? ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிடும்போதெல்லாம் அம்மா, அவளோட எட்டு வயசுல நீங்க குடுத்த ரிப்போர்ட்டப் பெருமையா நீட்டுவாங்க. வயதுக்கேற்ற வளர்ச்சி, தனி உதவி தேவையில்லை. எனக்கு மனப்பாடம். அதப் படிச்சிட்டு அவங்க என்ன சொல்வாங்க? மூளை நல்லாருக்கு, பொண்ணுக்குத்தான் கொழுப்பு. அதுலேர்ந்து சோம்பேறின்னு பேரு. அப்பா சாப்பிடக் கூப்பிடறதே அப்படித்தான், எங்கடா அந்தச் சோம்பேறின்னு. அவளும் இதோ வந்துட்டேன்பான்னு சிரிச்சிட்டே வருவா.

ஸ்கூல் பரீட்சைல கணக்கு மட்டும் ரெண்டு தடவ போயிடுச்சு. ஒரு மணி நேரம் கூடக் குடுங்கன்னு மனு போட்டோம். சின்ன வயசு மருத்துவப் பதிவு கேட்டாங்க. வேற எது இருக்கு, உங்க ரிப்போர்ட்தான். அதுலயே குறை இல்லேன்னு இருக்கேம்மான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது தடவைக்கு மனு குடுக்க வர்ற திங்கக்கிழமை கடைசி நாள். இதுக்கப்புறம் எழுத மாட்டேன்னுட்டா.

அதனாலதான் சொல்றேன், அந்த ரிப்போர்ட் தப்பு. அவள மறுபடி சோதிச்சுப் பாத்துப் புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க.

என்னது, தப்பா இருக்க வாய்ப்பே இல்லையா? நீங்களே பக்கத்துல உக்காந்து எடுத்தீங்களா? தெரியும் மேடம், கீழ உங்க கையெழுத்துதான இருக்கு. மத்தியானம், ஜன்னல் இல்லாத ரூம். சிவப்பும் வெள்ளையுமா கட்டைங்க, பத்து படம், ஒவ்வொண்ணையும் பாத்து அதே மாதிரி அடுக்கணும். வாட்ச்சக் கழட்டி மேசைமேல வெச்சீங்க. முடிச்சதும் கன்னத்தக் கிள்ளினீங்க.

ஆமா. ஃபைல்ல அ-ன்னு இருக்கற என்னச் சோதிச்சது காலைல, வேற ஒரு சார். அப்ப எனக்கெப்படி இதெல்லாம் தெரியும்?

என்னோடது முடிஞ்சு வெளிய வந்தா, அவ பாத்ரூம்ல நின்னு அழுதுட்டிருந்தா. கட்டைய ஒழுங்கா அடுக்கலேன்னா வேற ஸ்கூல்ல போட்டுடுவாங்க, நம்மளப் பிரிச்சிடுவாங்கன்னு. எனக்கும் எட்டு வயசுதான மேடம்? ரெண்டு பேருக்கும் ஒரே துணில தெச்ச ஃப்ராக். அ, ஆன்னு எழுதிக் கைல கட்டியிருந்த பட்டைய மட்டும் மாத்திக்கிட்டோம். நீங்க வந்து பட்டையப் பாத்தீங்க, வாடா கண்ணுன்னு என்ன உள்ள கூட்டிட்டுப் போனீங்க.

நீங்க தப்பா எடுக்கல. கரெக்டாதான் எடுத்தீங்க. ஒன்பதாவது படத்த மட்டும் நான் வேணும்னே மாத்தி அடுக்கினேன். ரெண்டு பேரும் ஒரே மார்க்குன்னா சந்தேகம் வந்துடுமேன்னு.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பன்னண்டு வருஷமா அத்தனை பேர் சோம்பேறின்னாங்க, ஒருத்தர்கிட்டயாவது வாயத் தெறந்திருந்தா போதும். அவ என்னக் காட்டிக் குடுக்கல. ஊருக்கே நியாயம் பேசற நானும் சொல்லல.

இப்ப பேனாவத் தெறங்க. நான் அவளக் கூப்பிடறேன். இந்தத் தடவயாவது மூஞ்சியப் பாத்துக்கோங்க.