பல் பதிந்த மெழுகு

மேடையில் வீற்றிருக்கும் மேயர் ஐயா அவர்களே, ஏதென்ஸிலிருந்து கப்பலேறி வந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, இன்று காலை நாற்பதாம் நாள் பூசையை நடத்திக் கொடுத்த பாதிரியார் அவர்களே, பின்வரிசையில் காபியும் பிராந்தியுமாக உட்கார்ந்திருக்கும் என் துறைமுகத்துச் சகோதரர்களே, கோதுமையை வேகவைத்து, மாதுளை முத்தும் சர்க்கரையும் தூவித் தட்டுத் தட்டாய்க் கொண்டுவந்து வைத்திருக்கும் தாய்மார்களே! இந்தத் துக்க நாளில் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மேடை ஏறுமுன் மேயர் ஐயா என் காதில், "யாகுமிஸ், சுருக்கமா பேசு, நல்லதா பேசு" என்றார். சுருக்கமாகப் பேசப் பார்க்கிறேன். நல்லதாகப் பேசினேனா என்று கடைசியில் நீங்கள் சொல்லுங்கள்.

யாரை இழந்துவிட்டு நிற்கிறோம்? கடற்பறவை ஆராய்ச்சியாளர், டாக்டர் பொலிக்சேனி வூல்காரி அம்மையாரை இழந்துவிட்டு நிற்கிறோம். முதல்முதலில் அவர் நம் உப்பளத்துக்கு வந்து பூநாரைகளை எண்ணியபோது நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். பறவைக்காரி என்று பட்டம் கட்டினோம். நானே வலையைத் தைத்துக்கொண்டு, "கொக்கை எண்ணுறதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கிறாங்க, டாக்டரம்மா?" என்று சீண்டினேன். அவர் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை.

"நீங்க பிடிச்சுட்டு எண்ணுறீங்க, நான் பிடிக்காம எண்ணுறேன். அவ்வளவுதானே, அண்ணே?" என்றார்.

அன்றைக்குத் துறைமுகமே சிரித்தது, என்னைப் பார்த்து!

பிறகு அவர் மனம் பெத்ரூசாவில் போய் ஒட்டிக்கொண்டது. எதிரே தெரியும் அந்தப் பாறைத் தீவில் நம்மூர் ஆடுகளையும் அர்த்தேனாப் பறவைகளையும் விட்டால் வேறு யார் குடியிருக்கிறார்கள்? பகலெல்லாம் கடலில் திரிந்துவிட்டு, இருட்டியதும் பொந்துக்குத் திரும்பிக் கைக்குழந்தை மாதிரி அழுகிற அந்தப் பறவை வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அது போனால் போனதுதான், மறு முட்டை கிடையாது. நம் ஆடுகள் மிதித்துப் பொந்துகள் சரிந்தன. ஆடுகளை அங்கே விடாதீர்கள் என்று அம்மையார் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். நாம் கேட்கவில்லை. சரி என்று அவரே பலகை வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்க நம் துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் உட்கார்ந்து, பறவைகளுக்குக் கூட்டுப் பெட்டிகள் செய்தார். காய்ந்த கடற்புல்லை உள்ளே மெத்தையாக அடைத்து, வசந்தத்தில் படகேற்றிக் கொண்டுபோய்ச் சரிவெங்கும் வைத்தார். பறவைகள் வந்து குடியேறின. அந்த வருடம் அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அடுத்த வருடம் பெட்டிக்குப் பெட்டி உடைந்த முட்டை ஓடு. தப்பிப் பொரித்த குஞ்சுகளுக்குக் கழுத்து இல்லை. பெத்ரூசாவில் எலி!

காலங்காலமாக எலியே இல்லாத தீவுக்கு எலி எப்படி வந்தது? எல்லோரும் யாரைப் பார்த்தீர்கள்? சிங்கி இறால் பிடிக்கிற எங்களைப் பார்த்தீர்கள். அங்கே படகைக் கட்டுகிறவன் நான், இரை வாளியை இறக்குகிறவன் நான். அம்மையாரும் அப்படித்தான் நினைத்தார். அவர் எழுதிக் கொடுத்ததன்பேரில் நான் பெத்ரூசாவில் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது.

இறால் போகட்டும், வேறு பாறையில் பிடித்துக்கொள்ளலாம். விளக்கு? புயலில் கவிழ்ந்து அந்தப் பாறையைப் பிடித்து உயிர் பிழைத்த என் தகப்பனார், எங்கள் குடும்பம் இருக்கிற வரைக்கும் அங்குள்ள சின்னக் கோயிலில் சனிக்கிழமைதோறும் விளக்கு எரியும் என்று நேர்ந்துகொண்டார். அந்த நேர்ச்சை என் தலையில் இருந்தது. எண்ணெயைக் கொடுங்கள், நான் ஏற்றுகிறேன் என்று அம்மையார் என் வீட்டு வாசலுக்கு வந்தார். சாமியையே நம்பாதவர் என் நேர்ச்சை விளக்கைத் தொடுவதா? கதவை அவர் முகத்தில் அடித்துச் சாத்தினேன். என் மனைவி செவஸ்தி அன்றைக்கு என்னைத் திட்டிய திட்டை இந்தச் சபையில் சொல்ல முடியாது.

இனி நான் சொல்லப்போவதைப் பேராசிரியர் தம் உரையில் சொல்லவில்லை. மரியாதைக்காக விட்டிருப்பார். நான் விடமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் கலைந்து காபிக்கடை நிறைந்திருந்தது. அம்மையார் பெத்ரூசாவிலிருந்து எடுத்துவந்த ஒரு கூட்டுப் பெட்டியோடு உள்ளே வந்தார். அதை மேசைமேல் வைத்து, கடற்புல்லைப் பிரித்து, அடியிலிருந்து ஒரு சிவப்புக் கம்பளிக் கிழிசலை எடுத்தார். பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெட்டி செய்த அந்தக் குளிர்காலத்தில், கிட்டங்கியில் தொங்கவிட்ட தன் கழுத்துக் கம்பளியை எவனோ எடுத்துவிட்டான் என்று ஊரையே கேட்டவர் ஆயிற்றே! எடுத்தது எவனும் இல்லை. கிட்டங்கி எலி அதைக் கடித்துக்கொண்டுபோய்ப் பெட்டிக்குள் கூடு கட்டியிருந்தது. அந்தப் பெட்டிதான் தாயும் குட்டியுமாகப் பெத்ரூசாவுக்குப் படகேறிப் போயிருக்கிறது.

"எலியக் கொண்டுபோனது யாகுமிஸ் அண்ணன் இல்ல. நான்தான். என் கையாலயே தூக்கிட்டுப் போய் வச்சேன்," என்றார் அம்மையார்.

அந்தக் கிழிசலை அவர் அடுப்பில் போட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? பெத்ரூசாவில் அவரைத் தவிர யார் இருந்தார்கள்? பழியை நான் சுமந்துகொண்டே செத்திருப்பேன். அவர் சொன்னார். சொன்னதற்கு என்ன கிடைத்தது? மேலிடம் அவர் கையிலிருந்த வேலையைப் பிடுங்கியது. பறவைக்கு வீடு கட்டி எலிக்குக் குடித்தனம் வைத்தாள் என்று நம் காபிக்கடை வருடக்கணக்கில் நக்கலடித்தது. அடித்தவர்கள் பலர் இங்கே முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். துடைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

உத்தரவு நீங்கிய அந்தச் சனிக்கிழமை நான் எண்ணெயோடு பெத்ரூசாவுக்கு ஓடினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது! திரி கத்தரித்து, கண்ணாடி துடைத்து, பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. வேலை போன பிறகும் சரிவில் எலிமருந்து வைத்துக்கொண்டிருந்த அம்மையாரைப் போய்க் கேட்டேன்.

"சாலட்டுக்கு வச்சிருந்த எண்ணெய்தான், அண்ணே. உங்க சாமி கோவிச்சுக்குமா?" என்றார்.

அன்றிலிருந்து மருந்து மூட்டையின் ஒரு முனையை நான் பிடித்தேன்.

அவர் வகுத்த முறை உங்களுக்குத் தெரியும். பெத்ரூசாவுக்குப் போகிற பொருள் எதுவானாலும், ரொட்டிக் கூடையானாலும், படகுத்துறையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கொட்டி, குலுக்கிப் பார்த்த பிறகுதான் ஏற்ற வேண்டும். பாதிரியாரின் அங்கிப் பையைக்கூட அவர் விட்டதில்லை! தீவெங்கும் நல்லெண்ணெய் வாசனை ஏற்றிய மெழுகுக் கட்டிகளை வைத்தார். எலி இருந்தால் வந்து கடிக்கும், பல் பதியும். குளிர்காலங்கள் போயின. மெழுகு வழவழப்பாகவே இருந்தது. போன கோடையில் குஞ்சுகள் கொழுத்து, சிறகு முளைத்துக் கடலுக்குப் பறந்தன.

அதற்குள் அவருக்கு நோய் முற்றிவிட்டது. பிரேயஸ் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது கை குச்சியாகிக் கிடந்தது. நலம் விசாரிக்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"கட்டியெல்லாம் பாக்குறீங்களா?" என்று கேட்டார்.

"பாக்குறேன், டாக்டரம்மா. ஒண்ணுமில்ல."

"பல் பதிஞ்சா மறைக்காதீங்க, அண்ணே. அன்னைக்கே எல்லாருக்கும் சொல்லிடுங்க. மறைச்சு வைக்கிற ஒவ்வொரு நாளும் அது குட்டி போடும்."

வாக்குக் கொடுத்தேன்.

சபையோரே! அடுத்த ஞாயிறு பெத்ரூசாவில் அம்மையார் பெயரில் சலவைக்கல் திறக்கப்போகிறோம். எலியை ஒழித்த தீவு என்று அதில் பொறித்திருக்கிறது. அந்தக் கல்லை வைக்கோலில் பொதிந்து, மரப்பெட்டியில் அடைத்து, எங்கே வைத்திருந்தோம்? கிட்டங்கியில். அதே கிட்டங்கியில்! படகேற்றியபோது வெள்ளைத் துணி விரித்தோமா? வைக்கோலைக் கொட்டிக் குலுக்கினோமா? துக்கத்தில் மறந்தோம், அவசரத்தில் மறந்தோம். அவருக்கு மரியாதை செய்கிற பெட்டியை யார் சந்தேகப்படுவார்கள் என்று மறந்தோம்.

நேற்று, சனிக்கிழமை, நான் விளக்கேற்றப் போனேன். வழக்கம்போலக் கட்டிகளைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். அந்த மரப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த கட்டி இதோ, என் சட்டைப் பையில் இருக்கிறது. பாருங்கள். முன்வரிசைக்குத் தெரியும், பின்வரிசைக்காரர்கள் எழுந்து வந்து பாருங்கள். இது என்ன? பல்! புதிய பல்!

மேயர் ஐயா, உட்காருங்கள், நான் இன்னும் முடிக்கவில்லை. காலையில் இதை உங்களிடம்தான் முதலில் காட்டினேன். நீங்கள் கெட்டவர் இல்லை. "விருந்தாளிங்க ஊர் போய்ச் சேரட்டும், யாகுமிஸ். செத்தவங்க பேருக்குக் களங்கம் வேணாமே" என்று நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். களங்கமா? காபிக்கடை நடுவில் நின்று என் கைதான் கொண்டுபோனது என்று சொன்ன மனுஷியின் பேருக்கு இதைச் சொன்னால் களங்கமா, மறைத்தால் களங்கமா?

கல்லோடு வந்த எலியா, நாம் தவறவிட்ட பழைய எலியா, எனக்குத் தெரியாது. ஒன்றா பலவா, அதுவும் தெரியாது. பயமாக இருக்கிறது. இன்னும் சில நாட்களில் அர்த்தேனாக்கள் முட்டையில் உட்காரும் என்பது மட்டும் தெரியும். அடுத்த ஞாயிறுவரை பொறுக்க அவற்றுக்கு நேரமில்லை.

ஆகவே அம்மையார் விட்ட வேலையை நாளைக் காலையிலேயே எடுக்கிறோம். என் படகு விடியலில் புறப்படும். கிட்டங்கியில் மிச்சமிருந்த மருந்து மூட்டைகளை இப்போதே படகுத்துறையில் வெள்ளைத் துணிமேல் இறக்கி வைத்திருக்கிறேன். பேராசிரியர் ஐயா, உங்கள் செருப்பு மலைக்கு ஆகாது, செவஸ்தி என்னுடைய பூட்ஸைத் தருவாள். மேயர் ஐயா, மூட்டையின் மறுமுனையை நீங்கள் பிடியுங்கள். திரும்பி வரும்போது அந்தக் கல்லை ஏற்றி வருவோம். அதில் எழுதியிருப்பது உண்மையாகிற நாளில் கொண்டுபோய் நடுவோம். அந்த நாள் வருமா என்று நீங்கள் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

இந்தக் கட்டியை இங்கே, கோதுமைத் தட்டுக்கும் அவர் படத்துக்கும் நடுவில் வைக்கிறேன். யாரும் எடுக்க வேண்டாம்.

டாக்டரம்மா, பல் பதிஞ்சிருக்கு. எல்லாருக்கும் சொல்லிட்டேன்.