அபயக்கை

கண்ண மூடாதீங்க சம்பந்தி. மூடாதீங்கன்னா மூடாதீங்க. இங்க பாருங்க, என் முகத்தப் பாருங்க. நல்லா இல்லேன்னாலும் பரவாயில்ல, வேற முகம் இல்ல, இதத்தான் பாக்கணும்.

லாரிக்காரர் ஓடியிருக்காரு. பின்தெரு மரக்கடையில கிரேன் நிக்குது, கையோட கூட்டிட்டு வந்துருவாரு. ஆம்புலன்ஸும் கெளம்பியாச்சாம், போன்ல சொன்னாங்க. மத்தவங்க சாப்பிடப் போயி அரை மணி ஆச்சு, அவங்களும் வந்துருவாங்க. நீங்க பண்ண வேண்டியது ஒண்ணுதான். அசையாம படுத்திருக்கணும். அதான் உங்களுக்கு வராத வேலை, தெரியும்.

வலது காலு தெரியலையா? தெரியாட்டி விடுங்க, அது அங்கதான் இருக்கு. நான் பாத்துட்டுதான் இருக்கேன். முழங்காலுக்குக் கீழ சிலைப் பீடத்தோட மூலை உக்காந்திருக்கு. துண்ட இறுக்கிக் கட்டிட்டேன், ரத்தம் நின்ன மாதிரிதான் இருக்கு. எட்டிப் பாக்காதீங்க! தலையத் தூக்கினா இடுப்பு நகருது, இடுப்பு நகந்தா பக்கத்துல இருக்கிற கட்டை அடுக்கு நகருது. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? பாரம் எப்படி நகரும்னு இந்தப் பட்டறைக்கே சொல்லித் தந்தவரு நீங்க.

என்ன சத்தம்? ஒண்ணுமில்ல. மரம் முனகுது. மரம்தான்.

சரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. உண்மையச் சொல்றேன், பதறக்கூடாது. அம்மன் சிலை உங்க மேல சாஞ்சு நிக்குது. பாதி பாரம் இந்தக் கட்டை அடுக்கு மேல. மீதி பாரம் அவளோட முன் வலது கை மேல. கை போய் சுவத்துல இருக்கிற இரும்புச் சட்டத்துல முட்டிக்கிட்டு நிக்குது. அந்த அபயக்கை. ஆமா, பயப்படாதேன்னு காட்டுற கையேதான். இத்தன நாளா சும்மா காட்டிக்கிட்டிருந்தா, இன்னைக்கு வேலை வந்துருச்சு.

சிரிக்காதீங்க, வயிறு குலுங்கினா கூட எனக்கு பயமா இருக்கு.

அவ மணிக்கட்டுல அந்தச் சாம்பல் ரேகை ஓடுது, ஆமா. எனக்கும் தெரியுது. வெள்ளைக் கல்லுல ரேகை நெஞ்சுல ஓடினா அழகு, கையில ஓடினா ஆபத்துன்னு நீங்கதான் சொல்லுவீங்க. அதப் பாக்க வேண்டாம். நான் ரெண்டு பக்கமும் ஆப்புக்கட்டை செருகி வச்சிருக்கேன். அடிக்கல, அடிச்சா அதிரும்னு செருகி மட்டும் வச்சிருக்கேன். சரியா? அப்பாடா, ஒரு தடவையாச்சும் சரின்னு சொன்னீங்களே.

என் கையா? நடுங்குதா? நடுங்காம என்ன செய்யும், ஒரு டன் கல்லுக்கு அடியில சம்பந்தி கிடக்குறாரு. பயத்துல நடுங்குது. விடுங்க.

பேசுங்க. தூங்கக் கூடாது, ஆம்புலன்ஸ்ல சொன்னாங்க, பேச்சு குடுத்துக்கிட்டே இருங்கன்னு. எனக்கா பேச்சுக்குப் பஞ்சம்? இவளுக்கு எட்டு கை. எந்தக் கையில என்னன்னு சொல்லுங்க பாப்போம். மேல வலது? சக்கரம். சரி. அதுக்குக் கீழ? கதாயுதமா? ம்ஹும். வாள். முப்பத்திரெண்டு வருஷமா தூக்கி எறக்குறீங்க, எந்தக் கையில என்னன்னு தெரியல. உங்களுக்கு எடை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வாள்னா என்ன? வெட்டுறதுக்கு இல்ல, புத்தி அது. நல்லத ஒரு பக்கம், கெட்டத ஒரு பக்கம்னு பிரிச்சுக் காட்டுறது. சங்கு எதுக்கு? அதாவது தெரியுதே. தாமரை? அதக் கவனிச்சிருக்கீங்களா, முழுசா விரிஞ்சிருக்காது, பாதிதான். செஞ்சவரு நேரமில்லாம விட்டாருன்னு நெனச்சீங்களா? அது அப்படித்தான். ஜெயிக்கிறது நிச்சயம், ஆனா இன்னும் முடியலன்னு அர்த்தம். இப்ப நம்ம கதை மாதிரி.

ஆயுதமெல்லாம் எங்கயா? அந்த அட்டைப்பெட்டியில. பித்தளையில தனியா வந்ததுதானே, எடத்துல நிறுத்தின அப்புறம்தான் கையில செருகணும். வெறுங்கையோடதான் விழுந்திருக்கா. நல்லவேளை, சூலம் கையில இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரும் இப்ப பேசிக்கிட்டிருக்க மாட்டோம். அது மட்டுமா, நீங்க படுத்திருக்கிற எடத்தப் பாருங்க. அந்த எருமைத்தலை அசுரன் படுக்கவேண்டிய எடம். செலவு ஜாஸ்தின்னு அசுரன் வேண்டாம்னு வாங்கினவங்க சொல்லிட்டாங்க. காலி எடத்துல நீங்க போய் படுத்துட்டீங்க.

ஐயையோ, இருமாதீங்க! இருங்க, இருங்க. தூசி விழுந்துச்சு. மெதுவா. மூக்கால மூச்சு விடுங்க. நின்னுருச்சா?

என்னது? நான் இன்னைக்கு அவ அவன்னு சொல்றேனா? எப்பவும் அதுன்னுதான சொல்லுவேன்னு கேக்குறீங்களா? வாய்ல வந்துருச்சு. ஒருத்தி மேல விழுந்து கெடக்கும்போது அதுன்னு சொல்ல வருமா. நீங்க ஒண்ணு.

தண்ணி குடுக்கக் கூடாதாம். நாக்கை மட்டும் நனைக்கலாம், இந்தாங்க. போதும்.

அந்தத் துணிய இழுக்காதீங்க. கையக் கீழ போடுங்க. மூஞ்சிய மூடியிருக்கிற துணிதான், கீறல் விழக்கூடாதுன்னு நான் கட்டினது, இருக்கட்டும். இவ்வளவு பக்கத்துல இருக்கு, ஒரு தடவை முகத்தப் பாத்துக்குறேன்னா? எதுக்கு? நீங்க பாக்காத முகமா? கன்னத்துக்கு மெருகு போட்ட அன்னைக்குப் பாத்தீங்கள்ல. கோவம் இருக்காது, நல்லா அமைதியா இருக்கும். அசுரன் மேல சூலத்த எறக்கும்போதும் அந்த முகம் மாறக்கூடாது. கோவப்பட்டு அடிச்சா அது சண்டை, கோவப்படாம அடிச்சா அது தீர்ப்பு. அப்படித்தான் எனக்கு வேலை கத்துக்குடுத்தாங்க. அதத் தெரிஞ்சுக்கிட்டீங்கள்ல, அது போதும். துணி இருக்கட்டும்.

பெல்ட்டுக் கட்டு நழுவிருச்சுன்னு ஏன் மறுபடி அதையே சொல்றீங்க. உங்க கட்டு நழுவல. நழுவிச்சோ என்னமோ, இப்ப எதுக்கு அந்தக் கணக்கு? ஆனைக்கும் அடி சறுக்கும். முப்பத்திரெண்டு வருஷம் ஒரு கல்லக் கீழ போட்டதில்ல, தெரியும், ஊருக்கே தெரியும். உங்க பையன் கல்யாணத்துல மேடையில அதத்தான பேசினீங்க. தாலி கட்டுற நேரத்துல கூட என் கட்டு நழுவினதில்லன்னு. என் பொண்ணு தலையக் குனிஞ்சு சிரிச்சா.

அழாதீங்க. அழுதா எனக்குக் கை ஓடாது. சிலை தூக்குற சங்கிலிய இனிமே தொடமாட்டேன்னு இப்ப எதுக்குச் சபதம்? யாரும் உங்கள ஒண்ணும் சொல்லல. முதலாளி வந்தா என் தப்புதான்னு காலப் பிடிக்கிறேன்னு சொல்றீங்களே, எந்தக் காலப் பிடிச்சு... வேண்டாம், அந்தப் பேச்சே வேண்டாம்.

கேக்குதா? வண்டிச் சத்தம். இல்ல, கிரேன் இல்ல. தண்ணி லாரி. போகட்டும்.

டிக்குன்னு கேட்டுச்சுல்ல? எனக்கும் கேட்டுச்சு. பாத்துட்டேன். ரேகையில மயிரிழையா ஒரு விரிசல் வந்திருக்கு. அப்படியே இருங்க. நான் என் தோளக் குடுக்குறேன் இங்க. தெரியும், என் தோளு எதையும் தாங்காது. இருந்தாலும் குடுக்குறேன். சும்மா பாத்துக்கிட்டு நிக்க முடியல.

நீங்க பேசுங்கன்னா என்னையே பேசச் சொல்றீங்க. சரி, கேளுங்க. உங்களுக்குத் தெரிஞ்சதுதான். நம்ம பட்டறையில கண்ணு கடைசி. உதட்டுச் சிவப்பு, பொட்டு, புடவை ஓரத்துத் தங்கம் எல்லாம் இங்க முடிச்சிருவேன். கண்ண மட்டும் வரையமாட்டேன். சிலை போய் எங்க நிக்கப்போகுதோ அங்க நான் பெட்டியோட போவேன், வாங்கினவங்க எல்லாம் சுத்தி நிப்பாங்க, மூச்சுக் கூட விடாம பாத்துக்கிட்டிருப்பாங்க, அப்பத்தான் கண்ணு. கறுப்பு ரெண்டு கோடு, நடுவுல ஒரு புள்ளி. அதுவரைக்கும் அது கல்லு. குப்புறப் போட்டுத் தேய்க்கலாம், மேல ஏறி நின்னு மெருகு போடலாம், கழுத்துல பெல்ட்டப் போட்டுத் தூக்கலாம். ஒரு பாவமும் இல்ல. கண்ணு வந்துருச்சுன்னா அவ வந்துட்டா. அப்புறம் மேல விரல் படணும்னாக் கூட யோசிக்கணும்.

இந்தக் கைய நல்லாப் பாருங்க. ஆமா, இதான். பயத்துல நடுங்குதுன்னு சொன்னேன். பொய். ஆறு மாசமா நடுங்குது. காலையில அவ்வளவா இல்ல, மதியத்துக்கு மேல வந்துரும். யாருக்கும் தெரியாது. என் பொண்ணுக்கும் தெரியாது. போன சிலைக்கு நாப்பது பேரு முன்னாடி கண்ணு வரையும்போது இடது கைய வலது கைக்கு முட்டுக் குடுத்துதான் வரைஞ்சேன். தப்பிச்சேன். அங்கயே நடுங்கி ஒரு கோடு கன்னத்துல இழுத்திருந்தா? கல்லுல ஊறின கறுப்ப வழிக்க முடியாது. முகத்தையே தேய்க்கணும். இத்தன வருஷம் வாங்கின பேரு அன்னைக்கே போயிரும். வேற வேலை எனக்குத் தெரியாது. பொண்ணு வீட்டுல போய் உக்காந்து சாப்பிடுறவளும் நான் இல்ல.

அதனால நேத்து காலையில எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி வந்தேன். கை நல்லா இருக்கிற நேரம். கதவத் தாப்பாப் போட்டுக்கிட்டேன்.

ஆமா. வரைஞ்சுட்டேன்.

இருங்க, சொல்லி முடிச்சிடுறேன். இந்தத் துணிய நானே எடுக்குறேன். நீங்க அசையாதீங்க. பாருங்க. தெறந்திருக்கா? இடது கண்ணுல ஒரு நூல் பிசகு இருக்கு, அது எனக்கு மட்டும்தான் தெரியும். நல்லா இருக்காளா? நானும் வரைஞ்சு முடிச்சு அப்படியே நின்னுட்டேன் சம்பந்தி. அவ்வளவு பக்கத்துல யாரும் நம்மளப் பாத்ததில்ல. துணியக் கட்டி மூடிட்டேன். அங்க போய் நிறுத்தினதும் எல்லாரையும் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லிட்டு, துணிய எடுத்துட்டு, இப்பத்தான் வரைஞ்சேன்னு சொல்லிக்கலாம்னு நெனச்சேன். ஒரு பொய்யில என்ன வந்துரப் போகுதுன்னு நெனச்சேன்.

இப்ப கேக்குது. அது கிரேன்தான். லாரிக்காரர் கத்துறாரு. இங்க! இந்தப் பக்கம்! பின்கதவு வழியா வாங்க!

வந்துட்டாங்க. கைய விடுங்க, நான் எங்கயும் போகல. இல்ல, விடவேண்டாம், பிடிச்சுக்கோங்க. அண்ணே, அவங்க உள்ள வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடுறேன். கல்யாணத்துக்கு முன்னாடி உங்கள அண்ணேன்னுதானே கூப்பிட்டேன், அப்படியே சொல்றேன். நீங்க ரெண்டு பெல்ட்டும் சரியாத்தான் கட்டினீங்க. பீடத்துல ஒண்ணு, கழுத்தும் தோளும் சேர்ற எடத்துல ஒண்ணு. எப்பவும் கட்டுற மாதிரி. லாரிப் பலகைய எறக்க வெளிய போனீங்க பாருங்க, அப்ப நான் பாத்தேன். துணிக்குள்ள கண்ணு தெறந்திருக்கு, கழுத்துல பெல்ட்டு. என்னால பாக்க முடியல. உங்ககிட்ட சொன்னா கண்ணு வரைஞ்சதச் சொல்லணும், கையச் சொல்லணும். அதனால மேல் பெல்ட்ட இடுப்புக்கு எறக்கிவிட்டுட்டேன். நீங்க வந்து சங்கிலிய இழுத்தீங்க. தலைப்பக்கம்தான் கனம்னு எனக்குத் தெரியும் அண்ணே. எட்டு கையும் மேலதானே இருக்கு. தெரிஞ்சும் எறக்கினேன். ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொன்னேனே, ஆனை சறுக்கல. நான்தான் தள்ளிவிட்டேன்.

ஒண்ணும் சொல்லாதீங்க. என்ன வேணா திட்டுங்க, அப்புறமா திட்டுங்க. என் பொண்ண மட்டும் ஒரு வார்த்தை சொல்லிராதீங்க, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. முதலாளி கேட்டா நான் பேசிக்கிறேன். நீங்க யார் கால்லயும் விழக்கூடாது.

கிரேன்காரரே, நில்லுங்க! எங்க போடுறீங்க பெல்ட்ட? இடுப்புல இல்ல, இடுப்புல போடாதீங்க, மறுபடி கவுந்துரும். மேல ஏத்துங்க. இன்னும் மேல. சாமின்னு கூச்சப்படாதீங்க, ஆமா, கண்ணு தெறந்துதான் இருக்கு, பாக்கட்டும். கழுத்துல போடுங்க. நான்தான் சொல்றேன், போட்டு இறுக்குங்க.